ஓர்லீனா விட்டுவைத்த இடம்

ஓர்லீனா காட்ஸ்டனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குதிகால் எனக்குப் பழக்கம். எங்கள் கறுப்பர்கள் குடியிருக்கும் ஹார்லெமில், நூற்று முப்பத்து நான்காம் தெருவில், மூன்றாவது மாடியில் என் வீடு. நாலாவது மாடியில் அவள். அவள் வீட்டுத் தரைதான் எனக்குக் கூரை. 1931-ஆம் வருடம் அக்டோபரில் குடி வந்தாள். வந்த மூன்றாம் நாள் மத்தியானம் என் தலைக்குமேல் சத்தம் ஆரம்பித்தது.

ஷூவுக்கு அடியில் லாடம் அடித்துத் தரையைத் தட்டி ஆடுகிற டாப் டான்ஸ் என்றால் உங்களுக்கு மேடையும் விளக்கும், கோட்டுப் போட்டுச் சிரிக்கிற ஒரு ஆளும் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது கூரையிலிருந்து படுக்கையில் உதிரும் சுண்ணாம்பு. அவளைப் பற்றிப் பேச இந்த ஊரிலேயே தகுதி குறைந்தவள் நான்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது, மற்றவர்கள் யாரும் பேசப் போவதில்லை.

நான் இரவு வேலைக்காரி. கீழ்நகரத்தில், வெள்ளைக்காரர்களின் ஆபீஸ் தெருக்களில், வக்கீல்களும் வங்கிக்காரர்களும் எழுந்து போன பிறகு அவர்கள் மேஜைக்கு அடியில் மண்டிபோட்டுத் தரை துடைப்பது என் பிழைப்பு. காலை ஏழரைக்கு வீடு வந்து, இரண்டு வாய் சோளரொட்டி தின்றுவிட்டு, ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிப் படுத்தால் சாயங்காலம் வரைக்கும் இந்த உலகம் எனக்கு வேண்டாம். என் புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். எனக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் அந்தத் தூக்கம்தான். அதைத்தான் ஒரு பெண்பிள்ளை லாடம் அடித்த ஷூவோடு வந்து மிதித்தாள்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, கட்டையால் கூரையில் ஓங்கி ஒரு இடி இடித்தேன். மேலே சத்தம் நின்றது. புத்தி வந்துவிட்டது என்று புரண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது, இந்த முறை மெதுவாக. சலங்கையைத் துணியில் சுற்றி உருட்டுவதுபோலப் பொடிப்பொடியாக ஒரு உரசல், அதன் முடிவில் இரண்டு குதிகாலும் சேர்ந்து ஒரு போடு. என் விளக்குக் கண்ணாடி கிணுகிணுத்தது. நானும் விடவில்லை. அவள் குதிகால் விழுந்ததும் என் கட்டை எழும்.

அந்த வாரக் கடைசியில் கதவைத் தட்டினாள். கையில் காராமணி போட்டு வேகவைத்த சோறு ஒரு தட்டு. இருபத்து மூன்று வயதிருக்கும். நல்ல உயரம், அடுப்புக்கரி நிறம், நெற்றியில் பருத்தி மூட்டைக் கயிறு உரசியதுபோல ஒரு வடு. கரோலினா கரைக்கு அப்பால் ஒரு தீவிலிருந்து வந்தவள். காலையில் லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள், மத்தியானம் ஆடுகிறாள்.

"கீழ் வீட்டு மிஸ் மோசெல் நீங்கதானே? நான் மேல் வீடு. ஓர்லீனா."

"தெரியுமே. உன் காலோட பதினஞ்சு நாளா குடும்பம் நடத்துறேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஆடித் தொலைக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"கழட்டுனா எனக்கே கேக்காது, மிஸ் மோசெல். கேக்காட்டி அப்புறம் அது என்ன ஆட்டம்? சும்மா கால ஆட்டுறது."

தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் இடித்தேன்.

அவள் ஏன் அப்படி விடாமல் ஆடினாள் என்பது பிறகு மாடிப்படியில் நின்று பேசிய பேச்சுகளில் தெரிந்தது. நாடகக் கொட்டகைகளில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். அந்த வரிசையில் சேர அவள் நாலு இடத்துக்குப் போயிருக்கிறாள். நாலிலும் வாசலோடு சரி. பழுப்புக் காகிதப் பையைக் கையருகே வைத்துப் பார்ப்பார்கள். பையைவிடத் தோல் கறுப்பாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். வைத்துப் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, எங்கள் ஆட்கள்தான். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த ஆத்திரம் அவளுக்கு வரவில்லை. வரிசையில் இடமில்லை என்றால் தனியாக நின்றுவிட வேண்டியதுதான் என்றாள். அவென்யூவில் ஒரு கொட்டகையின் மேலாளர் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் எவனிடமும் இல்லாத ஒரு அடவைக் கொண்டுவந்தால், தோல் என்ன நிறமாக இருந்தாலும் தனியாக மேடையில் நிற்க வைக்கிறேன் என்று. அந்த ஒரு அடவைச் செய்வதற்குத்தான் என் கூரையை அவள் உழுதுகொண்டிருந்தாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு அடவுதான் சொத்து. பூட்டி வைக்க முடியாத சொத்து. மேடையில் ஒருமுறை ஆடினால் போதும், முன்வரிசையில் இருப்பவன் வீட்டுக்குப் போவதற்குள் அதை நடைபாதையில் ஆடிப் பார்த்துவிடுவான். அதனால் ஏழாம் அவென்யூவில் பில்லியர்ட்ஸ் கூடத்துக்குப் பின்னால் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு அறை இருந்தது, அந்த அறைக்கு ஒரு சட்டமும் இருந்தது. அடுத்தவன் அடவை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் உன்னுடையதாக எதையாவது சேர்க்கவேண்டும். அப்படியே ஆடினால் நீ திருடன். புது நிகழ்ச்சி தொடங்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் முன்வரிசைகளில் உட்கார்ந்துகொள்வார்கள். கை தட்டுவதற்காக இல்லை, யார் யாருடையதை எடுத்தான் என்று பார்ப்பதற்காக.

அந்த அறைக்குப் பெரியவர் எசேக்கியா மூன். முழங்கால் இரண்டும் வீங்கி, ஆட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர். தன்னுடைய முதல் அடவை ஒரு ஐரிஷ் கப்பல்கூலியிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்வார். அந்த ஆள் கையைத் தொங்கவிட்டுக் காலால் மட்டும் பேசினானாம். இவர் அதில் தோளையும் இடுப்பையும் சேர்த்தாராம். கீழ்நகரத்து வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு எங்கள் ஆட்டத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை விசாரிக்க எங்கும் ஒரு அறை இல்லை. எங்களுக்குள் ஒருவன் ஒரு குதிகாலைத் திருடினால் மட்டும் விசாரிக்க ஒரு நாற்காலியும் ஒரு பெரியவரும் இருந்தார்கள். அதுவாவது இருந்ததே என்று அப்போது பெருமையாக இருக்கும். அந்த அறைக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்களுக்கே அது மறந்துபோகும் அளவுக்கு வழக்கம்.

திருட்டுக்குப் பயந்து ஓர்லீனா ஒரு காரியம் செய்தாள். ஆட்டக்காரர்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம் அது. பதினான்கு மாதம் அந்த அடவை ஒரு ஈ காக்கைக்குக்கூடக் காட்டவில்லை. தெருமுனையில் ஆடிப் பார்க்கவில்லை, தோழிகள் முன்னால் ஆடவில்லை. தன் சமையலறையிலேயே, கதவைத் தாழிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு ஆடினாள். யாரும் பார்க்கவில்லை என்றால் யாரும் எடுக்க முடியாது என்று நினைத்தாள். யாரும் பார்க்காத அடவுக்குச் சாட்சியும் கிடையாது என்பதை நினைக்கவில்லை.

சாட்சி நான் ஒருத்திதான்.

அந்தப் பதினான்கு மாதத்தில் அடவு வளர்ந்ததை நான் படுத்தபடியே கேட்டேன். உரசல் நீண்டது, நடுவில் கால்விரல் தட்டுகள் சேர்ந்தன. ஒன்று மட்டும் மாறவில்லை. குதிகால் போடு விழும், அதற்குப் பிறகு ஒரு அடி நேரம் சத்தமில்லாமல் காலியாக இருக்கும். என் கட்டை விழுகிற இடம் அது. எனக்குப் பயந்து அங்கே நிறுத்திக்கொள்கிறாள் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர். போகப்போக, தூக்கக் கலக்கத்திலேயே கை துடைப்பத்தை எடுத்து, சரியாக அந்த இடத்தில் இடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இனி ரூஃபஸ் ஸ்பைவி. இவனைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம், ஆனாலும் சொல்லவேண்டும். ஸ்பைவி இரண்டாம்தர ஆட்டக்காரன். கூட ஆடியவன் விட்டுவிட்டுப் போனதால் வேலையில்லாமல் இருந்தான். 1932 அக்டோபரிலிருந்து வியாழக்கிழமைகளில், எனக்கு ஓய்வு நாளில், வறுத்த மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். எனக்கு நாற்பது வயது. நாற்பது வயதில் ஒரு ஆண் மீன் வாங்கி வந்தால் அதை ஊருக்குச் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

முதல் வியாழன், மேலே சத்தம் தொடங்கியதும் வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இரு. இடிக்காத."

வாய் லேசாகத் திறந்திருக்க, கூரையைப் பார்த்தபடி கேட்டான். மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தான். குதிகால் போடு விழுந்தது. கட்டை விழவேண்டிய இடத்தில் நான் இடிக்கவில்லை. அவளும் ஒன்றும் ஆடாமல் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"அங்க ஏன் விட்டா?" என்று கேட்டான்.

மணிக்கட்டில் அவன் கை இருந்தது. பேசினால் எடுத்துவிடுவானோ என்பதுதான் என் கவலை.

ஆறு வியாழன் வந்தான். ஏழாவது வியாழன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஓர்லீனா அந்த மேலாளர் முன்னால் ஆடிக்காட்டுவதாக இருந்தது. அதற்கு முந்தி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வேறொரு கொட்டகையில் புது நிகழ்ச்சி. அவள் பால்கனியில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பைவி மேடையேறினான். முழங்காலை உயர்த்தி, காலைக் குறுக்கே போட்டு, கையை விரித்துப் பறந்தான். பார்த்தால் அவளுடைய ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவள் காதில் விழுந்தது அவளுடைய சமையலறை. உரசல், விரல் தட்டு, குதிகால் போடு, அப்புறம் காலி. அந்தக் காலியான இடத்தில் கொட்டகை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டதாம். பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல்.

அவள் கத்தவில்லை. நேரே அந்த அறையின் வாசலுக்குப் போய் நின்று, தன் அடவு திருடுபோனது என்று பெரியவர் மூனிடம் முறையிட்டாள். உள்ளே விட முடியாது என்றார்கள். முறையிடுகிறவளைத் துரத்தவும் சட்டமில்லை என்றார் மூன். திங்கட்கிழமை மத்தியானம் பில்லியர்ட்ஸ் கூடத்திலேயே விசாரணை என்று ஆயிற்று.

நான் படுத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு ஆட்கள் வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். பெரியவர் கூப்பிடுகிறார் என்றார்கள். உள்பாவாடைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணெரிச்சலோடு, பனியில் இரண்டு தெரு நடந்தேன். எதற்கென்று தெரியாது. கூடத்தில் முப்பது ஆண்களாவது இருப்பார்கள். நடுவில் ஒரு பலகை போட்டிருந்தது. பலகைக்கு ஒரு பக்கம் ஓர்லீனா, மறுபக்கம் ஸ்பைவி. என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவள் முகம் மலர்ந்தது.

நான் போகும்போதே இருவரும் ஒருமுறை ஆடி முடித்திருந்தார்கள். அவள் கால் தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை, இவன் பறக்கிறான், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இன்னொருமுறை இருவரையும் ஆடச் சொன்னார். யார் முதலில், யார் பிறகு என்று தன்னிடம் சொல்லக்கூடாது என்றார்.

ஆடினார்கள். கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"கண்ணுக்குத் தெரியுறது காலு. காதுக்குக் கேக்குறதுதான் அடவு," என்றார் மூன், சுவரைப் பார்த்தபடியே. "எனக்கு வித்தியாசம் தெரியல. ரெண்டு பேரும் ஒரே எடத்துல வாய மூடுறீங்க. தானா ரெண்டு பேருக்கும் அப்படி வராது. அந்தக் காலி எடம் ஏன் வந்துச்சு? அதச் சொல்றவங்களோடது இந்த அடவு."

ஸ்பைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, அது தன் மூச்சு என்றான். கேட்கிறவன் மனசு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளவேண்டும் என்று வேண்டுமென்றே விட்டது என்றான். நன்றாகத்தான் சொன்னான். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

ஓர்லீனா என்னைக் காட்டினாள். "அந்த எடத்துல கீழ் வீட்டு மிஸ் மோசெல் தொடப்பக் கட்டையால இடிப்பாங்க."

கூடமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். மூன் மட்டும் சிரிக்காமல் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ இடிப்பது உண்டா அம்மா என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியை நான் ஆயிரம் தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, இவன் எங்கே கேட்டான் என்பதுதான். வியாழக்கிழமை மீன் சாப்பிட வந்து, வேண்டியது கிடைத்ததும் விட்டுவிட்டுப் போனான் என்று முப்பது ஆண்கள் முன்னால் உள்பாவாடையோடு நின்று சொல்லவேண்டும். அது ஒன்று. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் என்னை நல்லவளாக்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். பதினான்கு மாதம் என்னைத் தூங்கவிடாதவள் அவள். தோற்றால் ஆடமாட்டாள், ஆடாவிட்டால் நான் தூங்கலாம். இவ்வளவுதான் என் புத்தியில் ஓடியது.

"ஐயா, ராத்திரி முழுக்கத் தர தொடைக்கிறவ நான். பகல்ல படுத்தா பொணம். மேல யாரு ஆடுனா, யாரு ஓடுனா எனக்கு எப்படித் தெரியும்?"

"இடிச்சதே இல்லையா?"

"இல்ல."

"இந்த ஸ்பைவி உன் வீட்டுப் பக்கம் வந்ததுண்டா?"

"மேடையில பாத்திருக்கேன். அவ்வளவுதான்."

தன் ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தான் என்று வேதத்தில் படிக்கிறோம். எனக்கும் மூன்று தேவைப்பட்டது.

மூன் என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். சாட்சி இல்லாத இடத்தில், முதலில் மேடையேற்றியவனுக்கே அடவு சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார். இனி ஓர்லீனா அதை எங்கும் ஆடக்கூடாது. ஆடினால் அவள்தான் திருடி. அவள் பலகையிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது லாடம் சத்தம் போடாமல் கால்விரலால் நடந்து வெளியே போனாள்.

சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பியபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் திருப்பித் திட்ட வார்த்தைகளும் தயாராக வைத்திருந்தேன். அவள் ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குத் தூக்கம் வேணும்," என்றேன்.

தலையாட்டினாள். அது நியாயமான பதில்தான் என்பதுபோல.

"எங்க தீவுல சபை கூடும்போது சுத்தி வருவோம், மிஸ் மோசெல். கால் தரைய விட்டு எழும்பக் கூடாது, குறுக்க விழக் கூடாது. விழுந்தா அது டான்ஸ், பாவம். எழும்பாட்டி ஜெபம். எங்க ஆளுங்க அடிமையா இருந்த காலத்துல தொரைங்க அவங்க மேளத்தப் பிடுங்கிட்டாங்க. அதனால ஒருத்தர் ஓரமா உக்காந்து தொடப்பக் கட்டையால தரையில இடிப்பார். கால் ஒண்ணு சொல்லும், கட்டை பதில் சொல்லும்."

நான் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"நீங்க மொதல் தடவ இடிச்சப்ப, கீழ எங்க ஊர்க்காரங்க யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். அதான் சோறு கொண்டு வந்தேன். அப்புறம் இல்லன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சா என்ன, நல்லா இருந்துச்சே. அந்த எடம் உங்களுக்கு விட்டது. மேலாளர் முன்னால ஆடுற அன்னைக்கு உங்களக் கூட்டிட்டுப் போயி, ஓரமா ஒரு நாற்காலி போட்டு, இடிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

எழுந்து மேலே போய்விட்டாள். நான் வேலைக்குப் போனேன். யாரோ ஒரு வக்கீலின் மேஜைக்கு அடியில் மண்டிபோட்டபடி அன்று அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்? மறுநாள் போய் மூனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாளும் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிப்ரவரியில் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். வசந்தத்தில் மூன் இறந்துபோனார்.

ஸ்பைவி கீழ்நகரத்துக்குப் போனான். அவன் விட்ட அந்த ஒரு காலி அடியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். மௌனம் என்றார்கள், ஒரு இனத்தின் துக்கம் பேசும் இடம் என்றார்கள். தெருமுனையில் ஆடுகிற பையன்கள்கூடக் குதிகால் போட்டதும் ஒரு அடி விட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலி அடி காதில் விழும்போதெல்லாம் என் வலதுகை தானாக ஒருமுறை இறுகி விரியும்.

தூக்கமா? அதையும் கேளுங்கள். மேல் வீடு அடங்கியதும் என் தூக்கம் போய்விட்டது. அந்தச் சத்தத்தின் மேல்தான் இத்தனை நாள் படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஓர்லீனாவை அதன் பிறகு ஒரே ஒருமுறை, பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிராங்க்ஸில் ஒரு தெருமுனையில் எங்கள் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் வந்து அன்றாட வேலைக்கு ஆள் பொறுக்குவார்கள். முழங்காலைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். காய்த்துப்போன முழங்கால் என்றால் தரை நன்றாகத் துடைப்பாள் என்று கணக்கு. கக்கத்தில் காகிதப் பையில் ஏப்ரனை வைத்துக்கொண்டு அவளும் நின்றாள். ஒரு அம்மா வந்து அவள் முழங்காலைக் குனிந்து பார்த்தாள், கூட்டிக்கொண்டு போனாள். தோலைப் பார்த்துத் தள்ளினார்கள், முழங்காலைப் பார்த்து எடுத்தார்கள். அவள் காலைக் காதால் கேட்டவர்கள் இந்த ஊரில் மூன்றே பேர். ஒருவர் செத்துவிட்டார், ஒருவன் திருடினான், ஒருத்தி நான். நான் பேருந்திலிருந்து இறங்கவில்லை.

போருக்குப் பிறகு ஜனங்களுக்கு அந்த ஆட்டம் சலித்துவிட்டது. ஸ்பைவி ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டினான். ஒருநாள் அதில் ஏறினேன். என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனாவது மாடி அம்மா என்று மரியாதையாகக் கேட்டான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

போன மார்ச்சில், 1952-இல், ஓர்லீனா இறந்தாள். நிமோனியா என்றார்கள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, நாற்பத்து நான்கு வயது. தீவுக்காரர்கள் ஒரு பழைய மளிகைக் கடையைச் சபையாக வைத்திருக்கிறார்கள், அங்கேதான் அடக்க ஆராதனை. நான் போய்ச் சேரும்போது பெட்டியை எடுத்துவிட்டார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பெண்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கால்கூடத் தரையைவிட்டு எழும்பவில்லை. மூலையில் ஒரு கிழவர், நார் இல்லாத துடைப்பக் கட்டையைச் செங்குத்தாகப் பிடித்திருந்தார். கால்கள் உரசின, குதிகால்கள் விழுந்தன, கட்டை இடித்தது. என் இடத்தில் இடித்தது.

வாசலில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க சிஸ்டர். அவளுக்கு நீங்க என்ன வேணும்?"

"கீழ் வீடு," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் உள்ளே போகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது மேல் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது, இரண்டு சின்னப் பெண்குழந்தைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓடிக்கொண்டிருந்தன. தடதடவென்று ஓடி, சுவரருகே வந்ததும் இரண்டும் சேர்ந்து குதித்தன. விளக்குக் கண்ணாடி கிணுகிணுத்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, கூரையில் ஒரு இடி இடித்தேன். பத்தொன்பது வருடம் தப்பிப்போன இடத்தில் சரியாக விழுந்தது.

மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தைகளின் தாய் ஓடி வந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் சத்தம் கேட்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிசைந்தாள்.

"இல்லம்மா, திட்ட இடிக்கல. ஓடட்டும். குதிக்கச் சொல்லு," என்றேன்.

அவள் என்னையும் என் கையிலிருந்த கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி சரி என்று தலையாட்டியபடியே பின்னால் நகர்ந்து மாடியேறிப் போனாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குழந்தைகள் என் தலைக்குமேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள்.